கர்ப்பத்தில் கொரோனா வந்து போயிருக்கிறது, மருத்துவரிடம் சொல்லலாமா?

வாசகியின் கடிதம், சுருக்கமாக

கடிதம் எழுதியவருக்கு 33 வயது. முதல் கரு 8ஆவது வாரத்தில் கலைந்துபோன பின், இரண்டு ஆண்டுகள் காத்திருந்து மீண்டும் கருவுற்றிருக்கிறார். இப்போது 29ஆவது வாரம். 25ஆவது வாரத்தில் கணவருக்குக் காய்ச்சல் வந்து, மூன்று நாள் கழித்து இவருக்கும் வந்தது. வீட்டிலேயே சோதித்துப் பார்த்ததில் இருவருக்கும் கொரோனா என்று தெரிந்தது. நான்கு நாட்கள் 102 டிகிரி வரை காய்ச்சல் அடித்தும், "மாத்திரை வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது" என்று மாமியார் சொன்னதால் ஈரத்துணியால் ஒற்றியெடுத்ததோடு நிறுத்திக்கொண்டார். ஆறாம் நாள் மூச்சு வாங்கியது. அப்போது பார்த்த பொது மருத்துவர் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். கதிர்வீச்சுக்குப் பயந்து எடுக்காமலே வீடு திரும்பிவிட்டார். இரண்டு வாரங்களில் உடம்பு தேறியது. ஆனால் படி ஏறினால் இன்னும் மூச்சு வாங்குகிறது. குழந்தை நன்றாக அசைகிறது என்றும் எழுதியிருக்கிறார்.

மகப்பேறு மருத்துவரிடம் இதில் எதையும் அவர் சொல்லவில்லை. சொன்னால் பிரசவம் பார்க்க மறுத்துவிடுவார்கள், பிறந்த குழந்தையைப் பிரித்து வைத்துவிடுவார்கள் என்ற அச்சத்தில் 28ஆவது வாரப் பரிசோதனைக்கே போகாமல் இருந்துவிட்டார். 2021இல் இரண்டு தவணைத் தடுப்பூசி போட்டுக்கொண்டவர். அதன்பின் எதுவும் போடவில்லை. குழந்தைக்கு ஊனம் ஏற்படுமா, சிசேரியன் செய்து சீக்கிரம் எடுத்துவிடுவது நல்லதா, தாய்ப்பால் கொடுக்கலாமா, அதே வீட்டில் 9 வாரக் கர்ப்பமாக இருக்கும் நாத்தனார் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாமா என்பவை அவருடைய கேள்விகள். கடிதத்தை இப்படி முடித்திருக்கிறார்: "என் உடம்பைப் பற்றி எனக்குக் கவலையில்லை டாக்டர். குழந்தை நன்றாக இருந்தால் போதும்."

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியை நான் ஒப்புக்கொள்ள முடியாது. ஒரு கருவை இழந்து, இரண்டு ஆண்டுகள் காத்திருந்த மனம் அப்படித்தான் எழுதும் என்பது எனக்குத் தெரியும். ஆயினும், காய்ச்சலுக்கு மாத்திரை வேண்டாம் என்றது, எக்ஸ்ரேயை மறுத்தது, மருத்துவரிடம் மறைத்தது ஆகிய மூன்றும் அந்த ஒரே எண்ணத்திலிருந்து வந்தவை என்பதால், முதலில் அதைப் பற்றியே பேச வேண்டியிருக்கிறது. வயிற்றிலிருக்கும் குழந்தைக்குத் தனியாக மூச்சு கிடையாது. உங்கள் நுரையீரல் இழுக்கும் காற்றிலுள்ள ஆக்ஸிஜன் உங்கள் இரத்தத்தில் கலந்து, நஞ்சுக்கொடி வழியாகத்தான் அதற்குப் போய்ச் சேர வேண்டும். கர்ப்பத்தில் கொரோனா உண்டாக்கும் ஆபத்தில் பெரும்பகுதி தாயின் நுரையீரலிலும் இரத்த ஓட்டத்திலும் தொடங்கி, அங்கிருந்து குழந்தையைச் சென்றடைகிறது. தாயை ஒதுக்கி வைத்துவிட்டுக் குழந்தையை மட்டும் காப்பாற்றும் வழி மருத்துவத்தில் இல்லை.

கர்ப்பிணியை இந்த நோய் ஏன் கூடுதலாகத் தாக்குகிறது?

மாதம் ஏற ஏறக் கருப்பை மேலெழும்பி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தைச் சுமார் 4 செ.மீ. மேலே தள்ளுகிறது. மூச்சை வெளியே விட்ட பின்பும் நுரையீரலில் தங்கும் சேமிப்புக் காற்று இதனால் குறைகிறது. அதே சமயத்தில் உடலின் ஆக்ஸிஜன் தேவையோ ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. சேமிப்பு குறைந்து செலவு கூடிய அந்த நிலையில் நுரையீரலில் அழற்சி உண்டானால், கர்ப்பமில்லாத பெண் தாக்குப்பிடிக்கும் அளவுக்குக் கர்ப்பிணியால் தாக்குப்பிடிக்க இயலாது. பிரசவத்தின்போது இரத்தப்போக்கு மிகுந்துவிடாமலிருக்க இயற்கையே கர்ப்பிணியின் இரத்தத்தைச் சற்று எளிதில் உறையும் தன்மையுள்ளதாக மாற்றி வைத்திருக்கிறது. கொரோனாவும் இரத்தத்தை உறையச் செய்யும் நோய்தான்.

தடுப்பூசி வருவதற்கு முன், 2020இல், அமெரிக்காவில் அறிகுறிகளுடன் தொற்றுக்கு ஆளான சுமார் 4 லட்சம் பெண்களின் விவரங்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்க நேர்ந்தவர்கள் கர்ப்பிணிகளில் 1000 பேருக்கு 10 அல்லது 11 பேர். அதே வயதுடைய மற்றப் பெண்களில் 1000 பேருக்கு 4 பேர். இந்த எண்ணிக்கையை இரண்டு கண்ணாலும் பார்க்க வேண்டும். ஆபத்து கூடுதல் என்பது உண்மை. ஆயிரத்தில் பெரும்பாலானோர் நலமாகவே மீண்டார்கள் என்பதும் உண்மை. 2021இல் டெல்டா வகை பரவியபோது நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. அதன்பின் வந்த ஒமைக்ரான் வகைகளும், தடுப்பூசியாலும் முந்தைய தொற்றுகளாலும் மக்களிடம் உருவான எதிர்ப்பாற்றலும் அந்தக் கடுமையைப் பெரிதும் குறைத்திருக்கின்றன. சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம், உடல் பருமன், ஆஸ்துமா ஆகியவை உள்ளவர்களும் 35 வயதைக் கடந்தவர்களும் இன்றும் கூடுதல் கவனத்துக்குரியவர்கள்.

குழந்தைக்கு ஊனம் வருமா?

நீங்கள் அதிகம் அஞ்சியிருப்பது இதற்குத்தான். அந்த அச்சம் எங்கிருந்து வந்தது என்பதும் புரிகிறது. 1941இல் நார்மன் கிரெக் என்ற ஆஸ்திரேலியக் கண் மருத்துவர், கர்ப்பத்தின் தொடக்கத்தில் ருபெல்லா அம்மை கண்ட தாய்மார்களின் குழந்தைகள் கண்புரையுடன் பிறப்பதைக் கண்டு எழுதினார். 2015இல் பிரேசிலில் ஜிகா கிருமியால் சிறுத்த தலையுடன் குழந்தைகள் பிறந்த செய்தி உலகையே உலுக்கியது. கர்ப்பத்தில் வைரஸ் என்றாலே ஊனம் என்று மனதில் பதிந்துபோனதற்கு இவை காரணம். ஆனால், அந்த இரண்டு கிருமிகளும் நஞ்சுக்கொடியைத் தாண்டிச் சென்று, உருவாகிக்கொண்டிருக்கும் உறுப்புகளுக்குள்ளேயே புகுந்து சிதைப்பவை. கொரோனாக் கிருமி அப்படி எளிதில் கடப்பதில்லை. தொற்றுள்ள தாய்மார்களுக்குப் பிறந்த குழந்தைகளைச் சோதித்தபோது நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவாகவே தொற்று காணப்பட்டது. அவர்களிலும் ஒரு பகுதியினருக்குப் பிறந்த பின்னரே தொற்றியிருக்கிறது. பிறவிக் குறைபாடுகள் கூடியதாகவும் தெரியவில்லை. உங்களுக்குக் காய்ச்சல் வந்ததோ 25ஆவது வாரத்தில். முதுகுத்தண்டும் இதயமும் அதற்கு மிக முன்பே உருவாகி முடிந்துவிட்டன. ஆகவே, ஊனம் பற்றிய கவலையை நீங்கள் இறக்கி வைத்துவிடலாம்.

கவனிக்க வேண்டியது வேறொன்று. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதுதான் நஞ்சுக்கொடி. சில கர்ப்பிணிகளுக்குக் கிருமி நஞ்சுக்கொடியின் திசுக்களைத் தாக்கி, அங்கே அழற்சியையும் ஃபைபிரின் என்னும் உறைபொருளின் படிவையும் உண்டாக்குகிறது. அந்தப் படிவு பரவிவிட்டால், தாயின் இரத்தத்துக்கும் குழந்தையின் இரத்தத்துக்கும் இடையிலான பரிமாற்றம் தடைபட்டு, கிருமி தொடாத குழந்தைகூட ஆக்ஸிஜன் இல்லாமல் வயிற்றிலேயே இறந்துபோக நேரலாம். 2020 மார்ச் முதல் 2021 செப்டம்பர் வரை அமெரிக்காவில் நடந்த சுமார் 12 லட்சம் பிரசவங்களில், தொற்று இல்லாத தாய்மார்களிடம் 0.64 விழுக்காடாக இருந்த இத்தகைய இறப்பு, தொற்று இருந்தவர்களிடம் 1.26 விழுக்காடாக இருந்தது. டெல்டா காலத்தில் இந்த இடைவெளி மேலும் விரிந்தது. உங்களைப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. இத்தகைய பாதிப்பு பெரும்பாலும் தொற்றை அடுத்த சில வாரங்களில் நேர்ந்திருக்கிறது. உங்களுக்கு நான்கு வாரங்கள் கடந்துவிட்டன, குழந்தை நன்றாக அசைகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இவை இரண்டும் ஆறுதலானவை. ஆனால் நஞ்சுக்கொடி எப்படி வேலை செய்கிறது என்பதை ஸ்கேனில்தான் பார்க்க முடியும். நீங்கள் போகாமல் விட்டது அந்த வாய்ப்பைத்தான்.

இரத்த அழுத்தத்தையும் இத்துடன் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2020இல் 18 நாடுகளைச் சேர்ந்த 2,100க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வில், கொரோனா வந்தவர்களுக்கு முன்சூல்வலிப்பு, அதாவது இரத்த அழுத்தம் உயர்ந்து சிறுநீரில் புரதம் போகும் கோளாறு, மற்றவர்களைவிட ஒன்றே முக்கால் மடங்கு ஏற்பட்டது. குறைமாதப் பிரசவங்களும் கூடின. இந்தக் கோளாறு தொடக்கத்தில் எந்த வலியும் தராது. கையில் பட்டை கட்டி அளந்து பார்த்தால் ஒழிய உங்களுக்குத் தெரியவராது.

மாத்திரையும் எக்ஸ்ரேயும்

உங்கள் மாமியார் அக்கறையால்தான் சொன்னார். ஆனால் அந்த அறிவுரை தவறு. கட்டுப்படாத கடும் காய்ச்சல் தாயின் இதயத் துடிப்பையும் குழந்தையின் இதயத் துடிப்பையும் ஏற்றி, உடலின் நீரையும் வற்றச் செய்கிறது. பாரசிட்டமாலை உரிய அளவில், தேவைப்படும் நாட்களுக்கு மட்டும், எந்த மாதத்திலும் கர்ப்பிணிகள் எடுத்துக்கொள்ளலாம். அந்த மாத்திரை குழந்தைக்கு ஆட்டிசத்தை உண்டாக்கும் என்று பரவலாகப் பேசப்படுவதால் ஒன்றைக் குறிப்பிடுகிறேன்: 2024இல் வெளியான, ஸ்வீடனில் பிறந்த ஏறத்தாழ 25 லட்சம் குழந்தைகளைப் பற்றிய ஆய்வில், உடன்பிறந்தவர்களை ஒருவரோடொருவர் ஒப்பிட்டுப் பார்த்தபோது அப்படி எந்தத் தொடர்பும் தெரியவில்லை. ஒதுக்க வேண்டியது ஐபுபுரோஃபென் வகை வலி மாத்திரைகளை. 20ஆவது வாரத்துக்குப் பின் அவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும்.

நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கும்போது குழந்தையை எட்டும் கதிர்வீச்சு 0.01 மில்லிகிரேக்கு (உடலில் சேரும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) மேல் போவதில்லை. குழந்தைக்குத் தீங்கு நேரக்கூடும் என்று கணிக்கப்படும் அளவு 50 மில்லிகிரே. அதில் இது ஐயாயிரத்தில் ஒரு பங்குதான். ஆறாம் நாள் மூச்சு வாங்கியபோது அந்த மருத்துவர் கேட்டது மிகச் சரியான பரிசோதனை. இந்த நோயில் முதல் வாரம் லேசாகக் கடந்து, அதன் முடிவிலும் இரண்டாம் வாரத்திலும்தான் பலருக்கு நிலைமை மோசமாகிறது. அன்று நீங்கள் தப்பித்தீர்கள். அடுத்த முறை அப்படி ஒரு துணிச்சல் வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

வீட்டில் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இருந்தால் கர்ப்பிணிக்கு ஆக்ஸிஜன் அளவு 95க்குக் குறையக் கூடாது என்று நினைவில் வையுங்கள். கருத்த நிறமுடையவர்களுக்கு அந்தக் கருவி உண்மையைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டுவதுண்டு. நகப்பூச்சு இருந்தாலும் பிழை வரலாம். எனவே எண் நன்றாக இருந்து மூச்சு மட்டும் திணறினால், மூச்சைத்தான் நம்ப வேண்டும். மருத்துவமனையில் சேர்க்க நேரும் கர்ப்பிணிக்கும் ஆக்ஸிஜன், இரத்தம் உறையாமலிருக்க ஊசி, தேவையானால் அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு ஆகிய அனைத்தும் கொடுக்கப்படுகின்றன. நஞ்சுக்கொடியை அதிகம் கடக்காத ஸ்டீராய்டு வகையைத் தேர்ந்தெடுப்பது மருத்துவரின் வேலை. கர்ப்பிணி என்பதற்காகச் சிகிச்சையைக் குறைப்பது உதவியாகாது. அதேபோல் ஆக்ஸிஜன் தேவைப்படாத நிலையில் யாரோ சொன்னார்கள் என்று ஸ்டீராய்டு மாத்திரையை வாங்கி விழுங்குவதும் ஆபத்து. கொரோனாக் கிருமிக்கு எதிரான மோல்னுபிராவிர் என்ற மாத்திரை கர்ப்பிணிகளுக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை.

மறைத்ததைப் பற்றி

தொற்று வந்து போனது என்பதற்காக உங்களுக்குப் பிரசவம் பார்க்க மறுப்பதற்கு எந்த மருத்துவ நியாயமும் இல்லை. நான்கு வாரங்கள் கடந்த நிலையில் உங்களால் யாருக்கும் தொற்றாது. தனி அறையோ, பிரித்து வைப்பதோ தேவையில்லை. தொற்று இருக்கும்போதே பிரசவ வலி வந்தாலும்கூட, மரியாதையான கவனிப்பும், தான் விரும்பும் ஒருவர் துணையிருப்பதும் தாயின் உரிமை என்றே உலக சுகாதார அமைப்பு கூறுகிறது. ஒரு மருத்துவர் முகம் சுளித்தால், காரணத்தை எழுத்தில் கேட்கவும் வேறொருவரிடம் மாறிக்கொள்ளவும் உங்களுக்கு முழு உரிமை உண்டு.

சொல்வதில் உங்களுக்கு ஒரு நடைமுறை நன்மையும் இருக்கிறது. பிசிஆர் பரிசோதனை, நோய் முற்றிலும் நீங்கிய பின்னும் சிலருக்கு மூன்று மாதங்கள் வரை, செத்த கிருமியின் துணுக்குகளைக் கொண்டே 'பாசிட்டிவ்' என்று காட்டக்கூடும். பிரசவத்துக்குச் சேரும் நாளில் எதற்காகவேனும் அந்தச் சோதனையைச் செய்து அப்படி முடிவு வந்தால், பழைய தொற்றின் தேதி உங்கள் குறிப்பேட்டில் பதிவாகியிருந்தால் ஒரு நிமிடத்தில் தெளிவாகிவிடும். பதிவாகாமல் இருந்தால், நீங்கள் அஞ்சிய தனிமைப்படுத்தல் நீங்கள் மறைத்த காரணத்தாலேயே வந்து சேரும்.

இந்த வாரம் பார்க்க வேண்டியவை

உண்மையில், இன்று உங்களுக்கு இருக்கும் பெரிய ஆபத்து பழைய கிருமியைவிட, தவறவிட்ட 28ஆவது வாரப் பரிசோதனைதான் என்று நினைக்கிறேன். நாளையே போய் இவற்றைக் கேளுங்கள்:

- இரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும்.
- இரத்தச் சர்க்கரை, ஹீமோகுளோபின். கர்ப்பகாலச் சர்க்கரைக்கான சோதனை 24 முதல் 28ஆவது வாரத்துக்குள் செய்ய வேண்டியது. தாமதமானாலும் செய்துவிட வேண்டும்.
- குழந்தையின் வளர்ச்சி, பனிக்குட நீர் ஆகியவற்றைக் காட்டும் ஸ்கேன். தேவையெனக் கருதினால் இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர்.
- உங்கள் இரத்த வகை ஆர்எச் நெகட்டிவ் என்றால், குழந்தையின் இரத்தத்துக்கு எதிராக உங்கள் உடல் எதிர்ப்புப்பொருளை உருவாக்காமல் தடுக்க இந்த வாரங்களில் போட வேண்டிய ஆன்டி-டி ஊசி.

படி ஏறும்போது வாங்கும் மூச்சைப் பற்றி மறக்காமல் சொல்லுங்கள். அது ஏழாம் மாதத்தின் இயல்பான மூச்சிரைப்பாக இருக்கலாம், இரத்தசோகையாக இருக்கலாம், நுரையீரல் இன்னும் முழுதாகத் தேறாததாக இருக்கலாம். அரிதாக, நுரையீரலில் இரத்தக் கட்டி அடைத்திருப்பதாகவும் இருக்கலாம். தொலைவிலிருந்து என்னால் பிரித்தறிய முடியாது, உங்களாலும் முடியாது.

இதற்குக்கூட நாளைவரை காத்திருக்கக் கூடாத நிலைமைகள் உண்டு. குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தாலோ நின்றாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, தாங்க முடியாத தலைவலியோ கண் மங்கலோ மேல்வயிற்று வலியோ வந்தாலோ, இரத்தமோ நீரோ கசிந்தாலோ, இரவு எந்த நேரமானாலும் புறப்பட்டுவிடுங்கள்.

சிசேரியனும் தாய்ப்பாலும்

இப்போது குழந்தையை வெளியே எடுப்பது பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. 29ஆவது வாரக் குழந்தையின் நுரையீரல் இன்னும் பக்குவப்படவில்லை. காரணமில்லாமல் எடுத்தால், கொரோனா செய்யாத கெடுதலை நாமே செய்ததாக ஆகும். ஸ்கேனிலோ இரத்த அழுத்தத்திலோ ஏதேனும் தென்பட்டாலன்றி, மாதம் நிறையும்வரை காத்திருப்பதே சரி. கொரோனா வந்து போனது சிசேரியனுக்குக் காரணமே அல்ல. தொற்று இருக்கும்போதுகூட, அதற்காக மட்டும் அறுவை செய்வதில்லை.

தாய்ப்பாலைத் தயங்காமல் கொடுங்கள். பால் வழியாக இந்த நோய் பரவுவதாகத் தெரியவில்லை. தொற்றிலிருந்து மீண்ட தாயின் பாலில் அதற்கெதிரான எதிர்ப்புப்பொருள்கள் இருக்கின்றன. பாலூட்டும் காலத்தில் மீண்டும் தொற்று வந்தாலும், முகக்கவசம் அணிந்து, கைகளைச் சோப்பால் கழுவிவிட்டு, குழந்தையைப் பக்கத்திலேயே வைத்துக் கொடுக்கலாம்.

நாத்தனாருக்கு

தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். 2020இல் நடந்த முதல் தடுப்பூசி ஆய்வுகளில் கர்ப்பிணிகளைச் சேர்க்காமல் விட்டார்கள். அந்த வெற்றிடத்தில்தான் "கர்ப்பிணிக்கு ஆகாது" என்ற பேச்சு முளைத்தது. அதனால் எத்தனையோ பெண்கள் காப்பின்றி டெல்டாவை எதிர்கொண்டார்கள் என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. அதன்பின் ஏராளமான கர்ப்பிணிகள், கிருமியின் ஒரு புரதத்தைச் செய்யும் குறிப்பை மட்டும் உடலுக்குத் தரும் எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளைப் போட்டுக்கொண்டு, தொடர்ந்து கண்காணிக்கப்பட்டிருக்கிறார்கள். தொடக்க மாதங்களில் போட்டுக்கொண்டவர்களிடமும் கருச்சிதைவு கூடவில்லை. அந்த ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை. தாயின் உடலில் உருவாகும் எதிர்ப்புப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குச் செல்வதால், தடுப்பூசி போட முடியாத முதல் ஆறு மாதங்களில் குழந்தைக்கும் ஓரளவு காப்பு கிடைக்கிறது. எந்த ஊசி, எப்போது என்பது நாட்டுக்கு நாடு மாறுவதால், அதை அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். உங்களுக்கான அடுத்த தவணையையும் நாளைய சந்திப்பிலேயே கேளுங்கள். அண்மையில் தொற்று வந்திருப்பதால் சில வாரங்கள் பொறுத்திருக்கச் சொல்லலாம். வீட்டில் யாருக்கேனும் சளி, காய்ச்சல் வந்தால் நாத்தனாருடன் ஒரே அறையில் இருக்காமல், ஜன்னல்களைத் திறந்து வைத்து, முகக்கவசம் அணிந்துகொள்ளுங்கள். அவருக்கே காய்ச்சல் வந்தால் முதல் நாளே பாரசிட்டமால் கொடுத்து, மருத்துவருக்குத் தெரிவித்துவிடுங்கள்.

மாமியாரை முடிந்தால் நாளை உடன் அழைத்துச் செல்லுங்கள். மாத்திரையைப் பற்றி மருத்துவர் சொல்வதை அவரே காதால் கேட்டுவிட்டால், வீட்டில் நீங்கள் வாதாட வேண்டியிராது. நேரில் சொல்ல நா எழவில்லையென்றால், ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் நீட்டிவிடுங்கள்: "25ஆவது வாரத்தில் எனக்குக் கொரோனா வந்தது. நான்கு நாள் காய்ச்சல், மாத்திரை சாப்பிடவில்லை. ஆறாம் நாள் மூச்சு வாங்கியது, எக்ஸ்ரே எடுக்கவில்லை. இப்போதும் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. குழந்தை அசைகிறது."